கிரயத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே மேஜை

மனைக்கு வந்தவரும் மணத்துக்கு வந்தவரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்காரும் இடம் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகம்! பெஞ்சின் இந்தக் கோடியில் ஒரு பெரியவர் மூலப்பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நான்கு எல்லைகளையும் முணுமுணுக்கிறார். அந்தக் கோடியில் ஒரு பெண் மஞ்சப்பையைத் திறந்து திறந்து பார்க்கிறாள். உள்ளே இரண்டு ரோஜா மாலை. டோக்கன் வருவதற்குள் வாடிவிடுமோ என்று கவலை. இருவருக்கும் அதே கேமரா, அதே ரேகைக் கருவி, அதே அதிகாரி. முகூர்த்த நாளென்றால் வரிசை வாசலைத் தாண்டிவிடும். நல்ல நாளில்தான் நிலம் வாங்க வேண்டும் என்று ஊரே கிளம்பும் என்பதால், பதிவுத்துறையே பஞ்சாங்கம் பார்த்துக் கூடுதல் டோக்கன் அறிவிக்கும். மதச்சார்பற்ற அரசாங்கம்தான், ஆனாலும் வைகாசி வைகாசிதானே!

மண்டபத்துக் கல்யாணம் நமக்குத் தெரிந்ததுதான். கெட்டிமேளம், பந்தி, மொய்க் கவர், ட்ரோன் கேமரா. அதன் பின்கட்டைப் பார்த்தவர்கள் குறைவு. சட்டம் ஒரு கல்யாணத்தை எப்படிப் பிடித்துக் காகிதத்தில் உட்கார வைக்கிறது? வாருங்கள், செருப்பைக் கழற்ற வேண்டாம், நேராக உள்ளே போகலாம்.

நேராகப் போக விடமாட்டார்கள். வாசல் மரத்தடியில் மடக்கு மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆவண எழுத்தர். அரசு அவருக்கு உரிமம் கொடுத்திருக்கிறது, சம்பளம் கொடுக்கவில்லை; அதனால் பார்வை கூர்மை. ஜோடி பைக்கிலிருந்து இறங்கும்போதே அவருக்குக் கதை பிடிபட்டுவிடும். இரண்டு பக்கத்து அம்மாக்களும் கூட வந்தால் விசா கேஸ். நாலு நண்பர்கள் மட்டும் வந்து, அதில் ஒருவன் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றால் காதல் கேஸ். பார்த்து முடித்ததும் ஒரே கேள்வி கேட்பார்: “தம்பி, கோயில்ல முடிச்சாச்சா, இல்ல இங்கயேதானா?”

இந்தியாவின் திருமணச் சட்டங்கள் அத்தனையும் அந்தக் கேள்விக்குள் அடக்கம்.

“முடிச்சாச்சு” என்றால் உங்களுக்குப் பதிவு மட்டும் போதும். கல்யாணம் ஏற்கெனவே நடந்துவிட்டது; அரசாங்கம் அதைக் குறித்துக்கொள்ளப் போகிறது, அவ்வளவுதான். இந்துக்களாக இருந்தால் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம். எந்த மதமானாலும் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009. இந்த இரண்டாவது சட்டத்துக்கு ஒரு குட்டி முன்கதை உண்டு. நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் எது தெரியுமா? 2006, பிப்ரவரி 14! நீதிபதிகள் காலண்டரைப் பார்த்துத்தான் தேதி குறித்தார்களா என்று தீர்ப்பில் இல்லை. நான் குறித்தார்கள் என்றே நம்ப விரும்புகிறேன்.

அந்தத் தீர்ப்பின் வழியில் வந்ததுதான் 2009 சட்டம். அந்த ஆண்டு நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். தாலி பிரித்துக் கோர்ப்பது, மறுவீடு, தலைதீபாவளி என்று ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் 90 நாள் எப்படிப் போனதென்றே தெரியாது. தொடக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கல்யாணம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் அலுவலகத்தில்தான் பதிய வேண்டும். சென்னைப் பெண்ணும் கோவைப் பையனும் திருச்செந்தூர் முருகன் சன்னதியில் மாலை மாற்றிக்கொண்டால், காகிதத்துக்காக மறுபடி திருச்செந்தூர் பஸ் ஏற வேண்டும். 2020-இல் சட்டத்தைத் திருத்தி, மணமக்கள் குடியிருக்கும் ஊரிலும் பதியலாம் என்று ஆக்கினார்கள். முருகனுக்கு இரண்டாவது தரிசனம் போனது, மற்றபடி எல்லோருக்கும் நிம்மதி.

கோயில் கல்யாணத்துக்கே ஒரு காகிதம் முன்னால் நிற்கும் என்பது பலருக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிகிறது. அறநிலையத்துறைக் கோயில்களில் ‘இது முதல் திருமணம்’ என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வரச் சொல்வார்கள். ஆக, உங்கள் காதலை முதலில் விசாரிப்பவர் முருகனும் அல்ல, மாமனாரும் அல்ல, வி.ஏ.ஓ.

சரி, இப்போது மற்ற பதிலுக்கு வருவோம். “இங்கயேதான்.”

மரத்தடி மேஜையில் ஒரு கணம் அமைதி. பேனா மூடி திறக்கிறது. “அப்ப ஸ்பெஷல்!” சிறப்புத் திருமணச் சட்டம், 1954. மதம் வேறாக இருந்தாலும், ஒரே மதமாக இருந்தும் சடங்கு வேண்டாமென்றாலும், எந்த மதமும் வேண்டாமென்றாலும் இந்த வழி. இங்கே சார்பதிவாளர் வெறும் பதிவாளர் இல்லை, திருமண அலுவலர். பதிவு மட்டுமல்ல, கல்யாணமே அவர் முன்னால்தான் நடக்கப் போகிறது.

இந்த இடத்தில் தமிழ் சினிமா நமக்குச் செய்த துரோகத்தைச் சொல்லியாக வேண்டும். நாயகி ஆட்டோவில் வந்து இறங்குகிறாள். நண்பன் மாலையோடு நிற்கிறான். சுமோ துரத்துகிறது. ரிஜிஸ்டர் ஆபீஸுக்குள் ஓடிக் கையெழுத்துப் போட்டதும் அப்பா வாசலில் உறைந்து நிற்கிறார். அருமையான காட்சி! நிஜத்தில் அந்த அப்பா நிதானமாக ஒரு காபி குடித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வந்தாலும் நேரத்துக்கு வந்தவர்தான். ஏனென்றால் முதல் நாள் நீங்கள் கொடுப்பது கையெழுத்து இல்லை, நோட்டீஸ். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்ற அறிவிப்பு. அதைக் கொடுக்கும் முன்பே இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். சுமோவுக்கு டீசல் தீர்ந்துவிடும்.

அந்த 30 நாளின் கதாநாயகன் ஒரு பலகை.

அலுவலகத்துக்கு அலுவலகம் இடம் மாறும், சாயல் மாறாது. கம்பிவலை போட்ட கதவு, சின்னப் பூட்டு, பக்கத்தில் லஞ்சம் கேட்டால் யாரிடம் புகார் செய்யலாம் என்ற போர்டு. கம்பிவலைக்குப் பின்னால் ஜோடி ஜோடியாகப் பெயர்கள். பெயர், வயது, தொழில், முகவரி, மணமாகாதவரா, துணையை இழந்தவரா, விவாகரத்தானவரா என்ற விவரம், எத்தனை நாளாக அந்த முகவரியில் இருக்கிறார் என்பதுவரை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இது போதாதென்று திருமண அறிவிப்புப் புத்தகம் ஒன்றும் உண்டு; அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் காசு வாங்காமல் காட்ட வேண்டும் என்பது சட்டம். பத்திரம் பதிய வந்து மதியம்வரை காத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாசிப்பு கிடையாது. “பொண்ணுக்குப் பையனைவிட ரெண்டு வயசு கூடுதல் போல…” என்று ஒருவர் வாய்விட்டுப் படிக்க, “இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கென்ன?” என்று வேறொரு குரல் பின்னாலிருந்து வருகிறது.

இதோடு முடிந்ததா? இல்லை. இருவரில் ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால், நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத்துத் திருமண அலுவலருக்கும் போகும். அங்கேயும் பலகையில் ஏறும். தேனியிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த பெண் வேளச்சேரியில் நோட்டீஸ் கொடுத்தால், அது அவளுக்கு முன்னால் தேனி போய்ச் சேர்ந்துவிடும். ஊரில் அந்தப் பலகையை யார் படிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் கட்டடத்தில் சிரிப்பு நின்றுபோகும் இடம் இது ஒன்றுதான். உறவுக்குள், சாதிக்குள், மண்டபத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு யாரும் 30 நாள் விளம்பரம் ஒட்டச் சொல்வதில்லை. பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறவர்களின் முகவரியைத்தான் சுவரில் ஒட்டுகிறோம். 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் விரும்பினால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்றது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. நம் பலகைகள் பூட்டோடு அப்படியே இருக்கின்றன.

ஆட்சேபணை சொல்ல வருகிறவர்களின் காட்சியை மட்டும் தனிப் படமாக எடுக்கலாம். ஒரு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வருவார். “இந்தக் கல்யாணத்தை நிறுத்தணும் சார்.” “எந்தக் காரணத்துக்காகங்க?” “எங்க ஆளுங்க இல்ல சார் அவன்!” அலுவலர் சட்டப் புத்தகத்தின் 4-ஆம் பிரிவைத் திருப்பி வைப்பார். அதில் இருக்கும் காரணங்களைத் தவிர வேறெதுவும் செல்லாது. இருவரில் யாருக்கும் உயிரோடு வேறொரு துணை இருக்கக் கூடாது. சம்மதம் தரும் மனநிலை இருக்க வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். தடைசெய்யப்பட்ட உறவுமுறையாக இருக்கக் கூடாது. சாதி என்ற சொல் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை தேடுவார். இல்லவே இல்லை.

ஒருகாலத்தில் வலிப்பு என்ற சொல் இருந்தது. வலிப்பு நோய் இருந்தாலே கல்யாணத்தைத் தடுக்கலாம் என்ற கொடுமையை 1999-இல்தான் நீக்கினார்கள். வயதையும் மாற்றப் பார்த்தார்கள். பெண்ணுக்கும் 21 என்று 2021-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா, 2024-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது.

ஆட்சேபணை வந்தால் அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். சாட்சியை அழைக்கவும், ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் அவருக்கு உண்டு. காலையில் செட்டில்மென்ட் பத்திரம் பார்த்தவர் மாலையில் நீதிபதி! நல்லெண்ணமில்லாமல், வேண்டுமென்றே தொந்தரவு கொடுக்கத்தான் ஆட்சேபித்தார் என்று தெரிந்தால் 1,000 ரூபாய்வரை செலவுத்தொகை விதிக்கலாம். 1954-இல் அது பயமுறுத்தும் பணம். இன்றைக்கு அந்த மாமா வந்த காரின் பெட்ரோலுக்கே காணாது.

இப்போது என் செல்லப் பகுதி. தடைசெய்யப்பட்ட உறவுமுறைப் பட்டியல்! சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆணுக்கு 37, பெண்ணுக்கு 37 உறவுகள். தாயில் தொடங்கி வரிசையாகப் போகும். படித்துக்கொண்டே வருகிறவர் தமிழராக இருந்தால் கடைசிப் பக்கத்தில் தூக்கிவாரிப் போடும். அத்தை மகள். மாமன் மகள். முன்னாலேயே அக்கா மகளும் வந்து போயிருப்பாள். அட, இவர்களைத்தானே ‘முறை’ என்று நாம் தொட்டிலிலேயே பேசி வைப்போம்! டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்கு நம் தாய்மாமன் சீர் புரியவில்லை போலும் என்று ஒரு கணம் தோன்றும். புரிந்துதான் இருக்கிறது: இருவரில் ஒருவருடைய வழக்கமாவது அனுமதித்தால் அந்தத் தடை பொருந்தாது என்று விலக்கும் வைத்திருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்திலும் இதே உறவுகளுக்குத் தடை உண்டு, இருவரின் வழக்கமும் அனுமதித்தால் விலக்கும் உண்டு. ஆனால் நூலிழை வேறுபாடு ஒன்று இருக்கிறது. இந்து சட்டத்தில் பரம்பரை வழக்கமே போதும். சிறப்புச் சட்டத்தில் அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். அதனால்தான் முறைப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு ‘ஸ்பெஷல்’ கேட்டு வரும் பகுத்தறிவு மாப்பிள்ளையிடம் மரத்தடி ஆசாமி குரலைத் தாழ்த்துவார்: “மாமா பொண்ணா? பேசாம ஒரு மாலையை மாத்திட்டு இந்துச் சட்டத்துல வாங்க தம்பி. நிம்மதி.”

காத்திருப்புக் கணக்கிலும் ஒரு விளையாட்டு உண்டு. நோட்டீஸ் கொடுத்து 30 நாள் முடிய வேண்டும். ஆனால் ஆட்சேபணை ஏதும் இல்லையென்றால் நோட்டீஸ் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தை முடித்தாக வேண்டும். தாண்டினால் நோட்டீஸ் செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஆக, கிடைப்பது ஏறக்குறைய இரண்டு மாத ஜன்னல். இதற்குள் நம் ஆட்கள் ஆடியை நுழைத்துவிட்டார்கள். ஆடி பிறந்ததும் நோட்டீஸ் கொடுத்தால் 30 நாள் முடியும்போது ஆவணி வாசலில் நிற்கும். ஆடியில் சுபகாரியம் கூடாதே என்று கேட்டால், நோட்டீஸ் கொடுப்பது சுபகாரியம் இல்லையாம், கவர்மென்ட் காரியமாம்! மதமே வேண்டாம் என்று வந்த ஜோடியும் வெள்ளிக்கிழமை என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் கழியட்டும் என்று டீக்கடையில் ஒதுங்குவதை அலுவலக உதவியாளர்கள் சிரிக்காமல் சொல்வார்கள்.

மதம் வேண்டாம் என்பதை இன்றைக்கு இவ்வளவு லேசாகச் சொல்கிறோம். இந்தச் சட்டத்தின் முன்னோடி 1872-இல் வந்தது. வங்காளத்தில் பிரம்ம சமாஜத்தின் கேசவ சந்திர சென் போன்றவர்கள் கேட்டு வாங்கியது. அதில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் மணமக்கள் ‘நான் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர் இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காதலுக்காகக் கடவுளை ராஜினாமா செய்கிற படிவம். 1954 சட்டம் அந்தக் கையெழுத்தைக் கேட்பதில்லை. அவரவர் சாமியோடு அவரவர் உள்ளே வரலாம்.

கல்யாண நாள்! மூன்று சாட்சிகள் வேண்டும், அடையாள அட்டையோடு. மூன்றாவது சாட்சி எப்போதும் பைக்கில் வந்துகொண்டே இருப்பான். இது சட்டத்தில் இல்லாத, ஆனால் மீறப்படாத விதி. அவன் வராவிட்டால் எதிர் ஜெராக்ஸ் கடைப் பையன் கடையை இன்னொருவரிடம் சொல்லிவிட்டு ஓடிவந்து, முன்பின் தெரியாத ஜோடியின் வாழ்நாள் சாட்சியாகிவிடுவான். முதலில் மணமக்களும் சாட்சிகளும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். பிறகு, கடிகாரம் பார்க்க மறந்துபோகும் அந்த ஒரு நிமிடம். நாற்காலிகள் நகர்கின்றன. சார்பதிவாளரின் இருக்கை முன்பெல்லாம் உயர்ந்த மேடையில், தடுப்புக்குப் பின்னால் இருக்கும். 2021-இல் அந்த மேடைகளை எடுத்துவிடச் சொன்னது அரசு. இப்போது அதிகாரியும் மணமக்களும் சமதளத்தில்.

சட்டம் எந்தச் சடங்கையும் கேட்கவில்லை, எதையும் தடுக்கவும் இல்லை. மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், சும்மா நிற்கலாம். ஆனால் ஒரு வாக்கியம் சொல்லியே ஆக வேண்டும். இன்னாராகிய நான், இன்னாராகிய உன்னை என் சட்டப்படியான மனைவியாக ஏற்கிறேன் என்று அவனும், கணவனாக ஏற்கிறேன் என்று அவளும், அலுவலருக்கும் மூன்று சாட்சிகளுக்கும் கேட்கும்படி. இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் சொல்லலாம். மண்டபத்தில் புரியாத மொழியில் மந்திரம் ஓட, பாதி மாப்பிள்ளைகள் வீடியோக்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே மந்திரமே தமிழில், தப்பிக்க வழியில்லை. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவனும் இங்கே திக்குவான். பெண்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். “கொஞ்சம் சத்தமா தம்பி, சாட்சிக்குக் கேக்கணும்” என்று அலுவலர் சொல்லும்போது பத்திரத்துக்குக் காத்திருப்பவர்கள் உட்பட அறை முழுக்கச் சிரிப்பு. உடல்நிலை, வேறு காரணம் என்று அலுவலகத்துக்கு வர முடியாதவர்களுக்கு, பக்கத்தில் நியாயமான தூரத்தில் இருக்கும் இடத்துக்கு அலுவலரே வந்து நடத்திவைக்கவும் கூடுதல் கட்டணத்தோடு வழி உண்டு. கட்டணம் என்றதும் பயப்பட வேண்டாம். எந்தச் சட்டத்தில் பதிந்தாலும் அரசுக்குச் செலுத்துவது மண்டப வாசலில் கட்டும் வாழைமரச் செலவுக்குக்கூட வராது.

ஒரு வாக்கியம் சொன்னால் கல்யாணம் என்ற இந்த எளிமையை இந்துக்களுக்கும் கொண்டுவந்தது தமிழ்நாடு. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் 1928-இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை, பெரியார் முன்னிலை. ஊருக்கு ஊர் பரவியது. ஆனால் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றுவிட்டது! மேடையில் முழங்கிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே ஆகாதவர்கள். 1967-இல் அண்ணா முதலமைச்சரானதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரி 20 முதல் நடைமுறை. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். ஏதாவது ஒன்று. முன்பு நடந்த திருமணங்களுக்கும் சேர்த்தே செல்லுபடி கொடுத்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் சிலர் ஒரே இரவில் சட்டப்படி தம்பதியானார்கள். யாராவது அவர்களுக்குப் பாயசம் வைத்தார்களா தெரியவில்லை, வைத்திருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் திறந்தது. இந்தத் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய அவசியமில்லை. வக்கீல்களும், வக்கீலாக அல்ல, நண்பராக நின்று நடத்திவைக்கலாம்.

எளிமை என்றதும் ஒரேயடியாகக் குறுக்குவழி எடுத்த இருவரின் கதை வடக்கே நடந்தது. இருவரும் விமானிகள். பறக்கிற அவசரமோ என்னவோ, சடங்கு எதுவும் நடத்தாமல் ஓர் அமைப்பிடம் திருமணச் சான்று வாங்கி, அதைக் காட்டிப் பதிவும் செய்துகொண்டார்கள். பிறகு மனக்கசப்பு, வழக்கு. 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சடங்கே நடக்காத இந்தக் கல்யாணம் இந்து சட்டப்படி கல்யாணமே அல்ல, பதிவுச் சான்று அதை உண்டாக்கிவிடாது. கல்யாணப் பத்திரிகை எங்கே, போட்டோ எங்கே, மண்டப ரசீது எங்கே என்று நம் சார்பதிவாளர் குடைவது எதற்கு என்று இப்போது புரியும். சிறப்புச் சட்டத்தில் கதை நேர்மாறு. அங்கே அலுவலர் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்தான சான்றே முடிவான ஆதாரம்.

இந்த மேஜையில் மறுக்கப்பட்ட ஒரு கையெழுத்து சட்டத்தையே விரித்த கதையும் உண்டு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் மணந்து பதியப் போனபோது முடியாது என்றார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்யச் சொன்னது. ஒருபால் இணையர்களுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது.

தேவாலயங்களையும் ஜமாஅத்களையும் எட்டிப் பார்க்காமல் போனால் கோபித்துக்கொள்வார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1872-ஆம் ஆண்டின் சட்டம். லைசென்ஸ் என்ற சொல் அதில் நிறைய வரும். ஆனால் பல இடங்களில் உரிமம் வாங்குவது மணமக்கள் அல்ல, மணம் செய்துவைக்கும் போதகர்! பலகைக்குப் பதில் இங்கே ஓலை: ஞாயிறு ஆராதனையில் பெயர் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். சபை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். சில விதிவிலக்குகள் தவிர, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவில்தான் திருமணம் நடக்க வேண்டும் என்றும் அதில் ஒரு பிரிவு உண்டு. மாலை வரவேற்புக்கு மேக்கப் தாமதமாகிற மணப்பெண்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது. முஸ்லிம் திருமணங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் ஏறும்; மஹர் தொகையும் சாட்சிகளும் அங்கேயே எழுதப்படும். அந்தப் பக்கத்தின் நகலோடு 2009 சட்டப்படி பதிவுக்கு வருவார்கள்.

ஆவணங்கள் என்ன வேண்டும் என்று இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தவர்களுக்கு: வயதுக்கும் முகவரிக்கும் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டை, நடந்துமுடிந்த கல்யாணமென்றால் பத்திரிகை, ரசீது, படம். முன்பு மணமானவரென்றால் விவாகரத்து ஆணை அல்லது இறப்புச் சான்று. விண்ணப்பத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே நிரப்பிவிட்டு நேரில் வரலாம். காகிதங்களை எளிதில் திரட்டிவிடுவீர்கள். உங்களைக் கவிழ்க்கப் போவது இனிஷியல்.

ஆமாம், அந்த ஒற்றை எழுத்து! ஆதாரில் எஸ். கவிதா. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கவிதா எஸ். பாஸ்போர்ட்டில் கவிதா செல்வராஜ். அப்பாவின் ஆதாரில் அவர் செல்வராஜு. மாப்பிள்ளை செந்திலுக்கு ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் ‘டி.ஹெச்’, இன்னோர் இடத்தில் வெறும் ‘டி’. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் ஊழியர் நிமிர்ந்து, “இந்த மூணு பேர்ல எந்தக் கவிதாம்மா நீங்க?” என்று கேட்கும்போது பெண்ணுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். இப்போதே திருத்திக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது அக்கறையில். சான்றிதழில் ஏறிய எழுத்தைப் பின்னால் மாற்றுவது சம்பந்தியைச் சமாதானப்படுத்துவதைவிடக் கடினம். தூதரக ஜன்னலில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். அச்சுக்குப் போகும் முன் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டுவார்கள். மாப்பிள்ளை படிக்க வேண்டாம், மச்சினிச்சியைப் படிக்கவிடுங்கள். அவள்தான் தப்பு கண்டுபிடிப்பாள்.

எல்லாம் முடிந்தது. முத்திரை விழுந்தது. மாலை கொஞ்சம் வாடியிருக்கிறது, யாருக்கும் கவலையில்லை. மூன்றாவது சாட்சி லட்டு டப்பாவைத் திறந்து பத்திரப் பெரியவருக்கும் ஒன்று கொடுக்கிறான். மாப்பிள்ளை சான்றிதழை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சாலையைக் கடந்து நேராக எதிர்க் கடைக்குப் போகிறான். உள்ளேயிருந்து அலுவலக உதவியாளரின் குரல் அவன் பின்னாலேயே ஓடுகிறது.

“தம்பீ! லேமினேட் பண்ணிடாதீங்க! வெளிநாட்டு முத்திரைக்குப் போனா பிளாஸ்டிக் போட்டத வாங்க மாட்டான்! ஜெராக்ஸ் மட்டும் எடுங்க, பத்து எடுங்க!”